லண்டன்–பாரிஸ் விமானம்: போக 2 மணி 20 நிமிடம், திரும்ப 20 நிமிடமா?

ஜன்னல்சீட்டு:
அடுத்த மாதம் லண்டனில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், நடுவில் மூன்று நாள் பாரிஸும் பார்த்துவிட்டு வரலாம் என்று டிக்கெட் தேடினால் ஒரே குழப்பம். போகும்போது காலை 9.30க்குக் கிளம்பி 11.50க்கு இறங்குகிறது. திரும்பும்போது மாலை 6 மணிக்குக் கிளம்பி 6.20க்கே லண்டன்! நேர்கோட்டில் சுமார் 340 கி.மீ. தான் என்கிறார்கள், சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரம். 20 நிமிடத்தில் எப்படி முடியும்? இணையதளத்தில் ஏதாவது பிழையா?

பழையபயணி:
பிழையெல்லாம் இல்லை. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். பாரிஸ் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அந்த ஒரு மணியைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள், இரண்டு பக்கமும் 1 மணி 20 நிமிடம்தான் வரும். கோடையில் இரண்டு நாட்டிலும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த வித்தியாசம் வருடம் முழுக்க மாறாது. வேடிக்கை என்னவென்றால், சூரியனைப் பார்த்தால் பாரிஸும் லண்டனும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். 1940இல் ஜெர்மன் படை பிரான்சைப் பிடித்தபோது பெர்லின் நேரத்தைக் கொண்டுவந்தது, போர் முடிந்தும் அது போகவில்லை.

ஜன்னல்சீட்டு:
அட, இவ்வளவுதானா! ஆனாலும் 340 கி.மீ.க்கு 1 மணி 20 நிமிடம் அதிகமாகத் தெரிகிறதே, விமானம் மணிக்கு 800 கி.மீ. போகாதா?

ரன்வேரசிகன்:
போகும், ஆனால் அந்த வேகத்தில் பறக்க இந்தத் தூரத்தில் இடமே இல்லை, ஏறி முடித்ததும் இறங்க ஆரம்பிக்க வேண்டியதுதான். வானத்தில் இருப்பது முக்கால் மணி, மிஞ்சினால் இன்னும் பத்து நிமிடம். மீதி தரையில். டிக்கெட்டில் உள்ள நேரம் ஒரு கேட்டிலிருந்து நகர்ந்து இன்னொரு கேட்டில் நிற்கும் வரைக்குமான கணக்கு, ஓடுபாதை வரிசையில் காத்திருப்பது உட்பட. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இரண்டே ஓடுபாதைகள் என்பதால் இறங்கும் முன் வானத்திலேயே வட்டமடிக்க வைப்பதும் சகஜம்.

பழையபயணி:
உங்கள் இடத்தில் நான் இருந்தால் விமானமே ஏறமாட்டேன். யூரோஸ்டார் ரயில் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் கிளம்பி பாரிஸ் கார் து நார் நிலையம் போய்ச்சேர, வேகமான வண்டி என்றால் 2 மணி 16 நிமிடம். தண்டவாள தூரம் 492 கி.மீ., அதில் 50 கி.மீ. கடலடிச் சுரங்கம் (ஜன்னலில் இருட்டு மட்டும்தான், மீன் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்). இரண்டு நாட்டு பாஸ்போர்ட் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம், சாப்பாட்டுக்கு லா ஷப்பேல் பகுதியின் தமிழ்க் கடைகள் பொடிநடை தூரம். விமானம் என்றால் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி ஆர்இஆர் பி ரயில் பிடித்து ஊருக்குள் வரவே அரை மணிக்கு மேல். அப்புறம், திரவத்துக்கு 100 மில்லி கட்டுப்பாடு ரயிலில் இல்லை. ஒரு விமான நிலையத்தில் என் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் குப்பையில் போட்டார்கள், அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

ரன்வேரசிகன்:
ரயில் சரிதான், ஆனால் கடைசி நேரத்தில் எடுத்தால் விலை கையைச் சுடும். மலிவாக விமானம் கிடைத்தால் எந்த விமான நிலையம் என்று பார்த்து எடுங்கள். போவே (Beauvais) என்று இருந்தால் அது பாரிஸிலிருந்து 80 கி.மீ.க்கு மேல், பஸ்ஸிலேயே ஒன்றேகால் மணி நேரம் போகும்.

ஜன்னல்சீட்டு:
நான் பார்த்து வைத்திருந்த மலிவு டிக்கெட் போவேதான்! நல்லவேளை, பணம் கட்டவில்லை. ரயில் விலையைப் பார்த்துவிட்டு வருகிறேன், அக்காவுக்கு ஊறுகாய் வேறு இருக்கிறது.