எப்போதாவது ஓடும் காருக்கு எந்த சார்ஜர்?

பாலக்கோட்டுக்காரன்:
வீடு பாலக்கோட்டில், வேலை பெங்களூரில். மாதம் ஒருமுறை வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம்தான், அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது. 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி. என்ன சார்ஜர் வாங்கலாம்?

ஓசூர் ஸ்பேனர்:
3, 4 ஆம்பியர் போதும். நிறைந்ததும் தானாக 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி அப்படியே பிடித்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜராகப் பாருங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் பெட்டி வேண்டவே வேண்டாம், நிறுத்த மறந்தால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். என் பேட்டரி ஒன்று அப்படித்தான் போனது.

கிருஷ்ணகிரி அக்கா:
ஆள் இல்லாத வீட்டில் பிளக்கில் விட்டுவர எனக்கு மனசு வராது தம்பி. கிளம்பும்போது 10 நம்பர் ஸ்பேனரால் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்ததும் மல்டிமீட்டர் வையுங்கள், 12.6 வோல்ட் காட்டினால் நல்லது, 12.4க்குக் கீழே என்றால் ராத்திரி சார்ஜ் போடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், பேட்டரியிலிருந்து கேஸ் வரும்.

பாலக்கோட்டுக்காரன்:
சரிங்க அக்கா. சித்தப்பாவிடம் சாவி கொடுத்து வாரம் 5 நிமிடம் ஸ்டார்ட் செய்யச் சொன்னால் போதாதா?

ஓசூர் ஸ்பேனர்:
ஸ்டார்ட்டர் இழுத்த சார்ஜே அந்த 5 நிமிடத்தில் சரியாகத் திரும்ப ஏறாது. தர்மபுரி வரை போய்வரச் சொல்லுங்கள், பெட்ரோல் காசு உங்களுடையது.