ஏழெட்டு எவ்வளவு? வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டுமா, வேண்டாமா? எண்சுவடி, மீதி, கரும்பலகை என்ற புனைபெயர்களில் மூவர் வாதிடுகிறார்கள்.

எண்சுவடி:
எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காரணிப்படுத்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெருக்கினால் 56, கூட்டினால் 15 வரும் இரண்டு எண்கள் எவை என்று கேட்டால் கை கால்குலேட்டரைத் தேடுகிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாயில் ஊறியிருந்தால் 7, 8 இரண்டும் தானாகக் கண்ணில் பட்டிருக்கும். புரிந்தால் போதும் என்று வாய்ப்பாட்டைக் கைவிட்டது பெரிய தப்பு.

மீதி:
நானும் வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்தவள்தான். பின்னத்தால் வகுக்க வேண்டுமா, தலைகீழாக்கிப் பெருக்கு என்றார்கள், ஏன் என்று கேட்டால் திட்டுதான் விழுந்தது. 3-ஐ அரையால் வகுத்தால் எப்படி 6 வரும், வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்ற குழப்பம் எனக்கு வெகுகாலம் தீரவில்லை. என் மகள் மூன்று வட்டம் வரைந்து அதில் எத்தனை அரை இருக்கிறது என்று எண்ணிவிடுகிறாள். அப்புறம் லாக் டேபிள், அதாவது பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் மடக்கை அட்டவணை. கூட்டினால் பெருக்கல் எப்படி நடக்கிறது என்று தெரியாமலே பக்கம் பக்கமாகப் புரட்டினோம். 1972-ல் ஹெச்பி-35 என்ற கையடக்க அறிவியல் கால்குலேட்டர் வந்ததும் சில வருடங்களில் ஸ்லைடு ரூல் என்ற, நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல் போனது, லாக் டேபிளும் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அந்த உழைப்பில் என்ன மிஞ்சியது?

எண்சுவடி:
புரிதல் என்ற பேச்சு புதிதல்ல. 1957-ல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் அமெரிக்காவில் ‘புதிய கணிதம்’ என்று தீவிரமாகக் கிளம்பினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கணங்கள் (பொருள்களின் தொகுப்புகள்), பத்துக்குப் பதில் எட்டை அடிமானமாக வைத்து, அதாவது எட்டெட்டாகச் சேர்த்து எண்ணிக் கூட்டல். பெற்றோருக்கு வீட்டுப்பாடமே விளங்கவில்லை. மோரிஸ் கிளைன் போன்ற கணிதவியலாளர்களே எதிர்த்தார்கள். 1970-களில் பழையபடி அடிப்படைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

மீதி:
அதைப் புரிதல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வாய்ப்பாட்டுக்குப் பதில் கணங்களின் ‘சேர்ப்பு, வெட்டு’ என்று வேறு வார்த்தைகளை ஒப்பிக்க வைத்தார்கள், அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆசிரியர்களில் நிறையப் பேருக்குப் போதிய பயிற்சியும் இல்லை.

கரும்பலகை:
வகுப்பெடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 23 பெருக்கல் 14-ஐ இப்போது 20, 3 என்றும் 10, 4 என்றும் பிரித்துக் கட்டம் போட்டுச் செய்கிறோம்: 200, 80, 30, 12, மொத்தம் 322. இதே கட்டம்தான் பின்னால் இயற்கணிதத்தில் இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்கும்போது வருகிறது. பழைய முறையில் ஏன் ஓரிடம் தள்ளி எழுதுகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, கட்டத்தில் அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

எண்சுவடி:
சரி, நான்கு இலக்கத்தை நான்கு இலக்கத்தால் பெருக்கினால் 16 கட்டம் வருமே! அதைவிட, விடை சரியாக இருந்தும் கட்டம் போடவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மீதி:
அப்படிக் குறைப்பது தவறு, ஒத்துக்கொள்கிறேன். வாய்ப்பாடே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஏழெட்டு மறந்துபோனாலும், ஏழேழு நாற்பத்தொன்பதோடு இன்னொரு ஏழைக் கூட்டிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை எங்கும் சிக்கிக்கொள்ளாது.

எண்சுவடி:
அந்த ஏழேழு நாற்பத்தொன்பது மனப்பாடமாக இருந்ததால்தானே அம்மா அதுவும் முடிந்தது?