மழை ஊரில் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?
வணக்கம். கூடலூர் பக்கம் இருக்கிறேன். லைசென்ஸ் உள்ள 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, தாத்தா காலத்தது. இங்கே ஜூனில் மழை பிடித்தால் பூட்டின் ஆணி முதற்கொண்டு துருவேறும்.

குழலுக்குள் ஈயமும் தோட்டாவின் பிளாஸ்டிக்கும் படிந்த பிசுக்கைக் கரைக்க ஹோப்பீஸ் 9 என்ற கரைப்பான் சரியா? தாமிரம் நீக்கும் அம்மோனியா கரைப்பான் ஈயக் குண்டுக்குத் தேவையில்லை, அதை விட்டுவிட்டேன். டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஈரத்தை விரட்டும்; மாதக்கணக்கில் துருவைத் தடுக்கும் என்று நம்ப மனமில்லை. பாலிஸ்டால் எண்ணெய் மரத்துக்கும் ஆகும் என்கிறார்கள். அது ஒன்றே போதுமா, குழல் மடங்கும் கீலுக்குத் தனியாக கிரீஸ் வேண்டுமா?

மரக்கட்டை எண்ணெய் குடித்துக் கருத்துவிடக் கூடாது, அதுதான் பெரிய கவலை. வால்பாறை, குடகு மாதிரி ஈரமான ஊர்க்காரர்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? கோவையில் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.