அணுச் சங்கிலியில் வைத்த சாலிட்டான் நகர மறுக்கிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். டங்ஸ்டனில் ஓர் அணு வரிசைக்குள் கூடுதலாக ஓர் அணு நெருக்கி நுழைந்தால் வரும் க்ரவுடியானைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஃப்ரெங்கல்–கான்டரோவா மாதிரியை எழுதினேன்: 100 அணுக்கள், இடையே ஸ்பிரிங், கீழே 100 ஆற்றல் பள்ளங்கள், இரு முனைகளையும் வளையமாக இணைத்தேன். பள்ளத்தின் ஆழம் 2, அலைநீளம் 2 பை, ஸ்பிரிங் மாறிலி 0.25. நடுவில் ஒரு கிங்க் (வரிசை ஒரு பள்ளம் தள்ளிப்போகும் இடம், தலைப்பில் சொன்ன சாலிட்டான்) வைத்தால் வளையம் சேரும் இடத்தில் தலைகீழான இன்னொரு கிங்க் தானாக முளைக்கிறது. எல்லா அணுக்களுக்கும் 0.05 விசை கொடுத்தும் இரண்டும் அசையவில்லை. மூன்று நாளாக நிரலில்தான் பிழை தேடுகிறேன்.

பதில் 1:
நிரல் சரியாகத்தான் இருக்கும். 100 பள்ளத்தில் 100 அணு என்றால் கூடுதல் அணு என்று ஒன்று இல்லையே. வளையம் தன் கணக்கைச் சமன்செய்ய எதிர்க்கிங்கை உண்டாக்கிக்கொள்கிறது. 101 அணு போடுங்கள்.

அசையாததற்குக் காரணம் வேறு. உங்கள் அலகில் கிங்கின் அகலம் ஸ்பிரிங் மாறிலியின் வர்க்கமூலம், அதாவது அரை அணு இடைவெளி. இவ்வளவு ஒடுங்கிய கிங்க் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்குப் போக, நடு அணு மேட்டின் உச்சியில் ஏறியாக வேண்டும். அதுதான் பெயர்ல்ஸ்–நபாரோ தடை. நான் கையால் போட்ட கணக்கில் உங்கள் எண்களுக்கு அது சுமார் 0.6. 0.05 விசை எந்த மூலைக்கு? மாறிலியை 1 ஆக்குங்கள். அகலம் கூடக்கூடத் தடை அடுக்குக்குறி வேகத்தில் சரியும்.

பதில் 2:
கிங்க் ஓடுகிறதா என்று பார்க்கச் சராசரி இடப்பெயர்ச்சியை வரையுங்கள். வளையத்தை ஒருமுறை சுற்றினால் ஒவ்வோர் அணுவும் சரியாக 2 பை நகர்ந்திருக்கும்.

கேட்டவர்:
ஓடுகிறது ஐயா! மிக்க நன்றி. அப்புறம் ஒரு சந்தேகம்: நிஜப் படிகத்தில் அந்தப் பள்ளங்களைத் தருவதே பக்கத்து வரிசைகள்தானே, அவையும் நகருமே?

பதில் 1:
எனக்கு இந்த மாதிரி பிடித்துப்போனதே அந்தக் கேள்வியால்தான். பள்ளங்கள் அசையாதவை என்று வைத்தால் கிங்கின் வால் அடுக்குக்குறியாகத் தேய்ந்துவிடும். நிஜத்தில் சுற்றியுள்ள படிகமும் வளைந்துகொடுக்கும், இடப்பெயர்ச்சி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறையும். அதனால் பள்ளங்களாக வைத்த நிலையான சைன் அலையை எடுத்துவிட்டு, பக்கத்து வரிசைகளின் இடப்பெயர்ச்சி வித்தியாசத்தைச் சார்ந்த சைன் ஆற்றலை வையுங்கள். டங்ஸ்டனில் ஒவ்வொரு வரிசைக்கும் ஆறு அண்டை வரிசைகள். வரிசைக்குள் அணு இடைவெளி சுமார் 2.74 ஆங்ஸ்ட்ராம்.

முதலில் ஒரே வரிசையில் ஒரு கிங்க். பிறகு அதையொட்டிய வரிசைகளிலும் ஒவ்வொன்று, அருகருகே. ஒரே வகைக் கிங்குகள் பக்கத்தில் நின்றால் அவற்றுக்கிடையே வித்தியாசம் இல்லை, ஆற்றல் செலவு விளிம்பு வரிசைகளில் மட்டும். அந்தக் கூட்டம் வட்டமாகப் பெருகினால் அதன் விளிம்புதான் டிஸ்லொகேஷன் வளையம், அதாவது படிக ஒழுங்கு குலைந்த கோடு வளையமாக மூடியது. 7 வரிசைகளில் கிங்க் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள், ஒட்டிக்கொண்டே சேர்ந்து நகரும்.