டி750-ஐ விட்டு இசட்6 III-க்குப் போகலாமா? கோயில் கல்யாணத்தில் கிரெய்ன், ஃபோகஸ் ரெண்டும் சிக்கல்

தக்கலை_ஒளி:
கேமரா பாடி நிக்கான் டி750, ஷட்டர் கவுன்ட் (இதுவரை அடிச்ச கிளிக்) 1,84,000. லென்ஸ் 24-120 எஃப்4 ஏஎஃப்-எஸ், 80-200 எஃப்2.8டி, 50 எஃப்1.8டி. குளச்சல், முட்டம் பக்கம் மாலைக் கல்யாணம்தான் அதிகம். கோயிலுக்குள்ள (சர்ச்தான்) தாலி கட்டும்போது ஃப்ளாஷ் அடிக்க ஃபாதர் விடமாட்டார். ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/125-ல் கிரெய்ன் அள்ளுது, படம் புள்ளி புள்ளியா வருது. 80-200-ல் பொண்ணோட கண்ணுல வச்சா ஃபோகஸ் காதுல நிக்குது. நிக்கானோட மிரர்லெஸ் கேமரா இசட்6 III வாங்கினா ரெண்டும் தீருமா?

குழித்துறை_குவியம்:
கிரெய்னுக்காக வாங்காதீங்க அண்ணாச்சி. ரெண்டுமே ஃபுல் ஃப்ரேம், 24 மெகாபிக்சல். ஆல்பம் சைஸில் 6400-ல் பெரிய வித்தியாசம் வராது. இருட்டா எடுத்து லைட்ரூமில் ஏத்தினாத்தான் கிரெய்ன் பெருகும். ஐஎஸ்ஓ 8000 போனாலும் முகத்தை வெளிச்சமா எடுங்க. ஷட்டரை 1/100 வைங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவை மினுங்கும், 1/100 அதோட ஒத்துப்போகும்.

ஃபோகஸ் தனி விஷயம். சுவரில் நியூஸ் பேப்பரை ஒட்டி, ட்ரைபாடில் 200 எம்எம், எஃப்2.8. வ்யூஃபைண்டர்ல அஞ்சு, லைவ் வ்யூவில் (பின்பக்க ஸ்க்ரீன் பார்த்து) அஞ்சு எடுங்க. லைவ் வ்யூ மட்டும் ஷார்ப்னா செட்டப் மெனுவில் ஃபோகஸை முன்ன பின்ன நகர்த்துற ஏஎஃப் ஃபைன் ட்யூன் போதும். ஃபோகஸ் பின்னால விழுந்தா மைனஸ் பக்கம். லென்ஸுக்கு ஒரே மதிப்புதான். 200-க்குச் சரி பண்ணினா 80-ல் கொஞ்சம் விலகலாம்.

அஞ்சுகிராமம்_அப்பர்ச்சர்:
பாடி விலையை மட்டும் பார்த்து இறங்காதீங்க. டி750 மவுண்டில் ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒண்ணு தெரியும் பாருங்க, அதுதான் உங்க ரெண்டு டி லென்ஸையும் திருப்புது. இந்த லென்ஸை இசட்6 III-ல் மாட்ட வேண்டிய எஃப்டிஇசட் அடாப்டரில் அது கிடையாது. ரெண்டும் கையால ஃபோகஸ் பண்ற லென்ஸ் ஆயிடும், உள்ளேயே மோட்டார் இருக்கிற ஏஎஃப்-எஸ் 24-120 மட்டும் தானா ஃபோகஸ் பண்ணும்.

கார்டும் செலவுதான். இப்ப ரெண்டு எஸ்டி. இசட்6 III-ல் ஒண்ணு எஸ்டி, இன்னொண்ணு சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி. பேக்கப்புக்கு புது கார்டு, ரீடர் வேணும். பேட்டரி டி750-ல் கம்பெனி கணக்கு 1230 படம். இசட்6 III-ல் 400-க்கும் கீழ. முழு நாள் கல்யாணத்துக்கு மூணு பேட்டரியாவது இருக்கணும்.

முட்டம் பாறையில் நின்னு லென்ஸ் மாத்துற பழக்கமும் ஆகாது. இசட்6 III-ல் மிரர் இல்லாததால சென்சார் நேரா உப்புக்காத்துக்கு நிக்கும். கார் கண்ணாடியை ஏத்திட்டு மாத்துங்க.

தக்கலை_ஒளி:
டெஸ்ட் பண்ணிட்டேன். லைவ் வ்யூ ஷார்ப், வ்யூஃபைண்டர் பின்னால. மைனஸ் 7-ல் சரியாச்சு. வெள்ளைச் சுவரை 1/4000-ல் 20 எடுத்தேன், மூணுல மேல்பக்கம் கறுப்புப் பட்டை.

குழித்துறை_குவியம்:
அப்ப ஷட்டர் தளர்ந்திருக்கு. டி750-க்கு கம்பெனி சொன்னதே 1,50,000 கிளிக். கோயிலுக்குள்ள 1/100-ல் இது தெரியாது. மறுநாள் வெயிலில் அவுட்டோர்ல எஃப்2.8 திறந்து 1/4000 போவீங்க, அங்கதான் மாட்டும். ஷட்டரைச் சரி பண்ற வரை வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்5.6-ன்னு 1/1000-க்குக் கீழேயே ஓட்டுங்க. ஆனா எந்த நேரமும் நின்னுடலாம், இன்னொரு பாடி வாடகைக்காவது பையில் இருக்கட்டும்.

சர்வீஸில் ஷட்டர் மாத்த எஸ்டிமேட் முதல்ல வாங்குங்க. செகண்ட்ஸ் டி750 விலையில் பாதியைத் தாண்டினா ரிப்பேரை விட்டுடலாம். எப்படியானாலும் முதல் செலவு செகண்ட்ஸ் 70-200 எஃப்2.8 ஏஎஃப்-எஸ் விஆர். இப்பவும் ஓடும், நாளைக்கு அடாப்டரிலும் ஓடும். வாங்குமுன்ன பின்பக்கம் டார்ச் அடிச்சு ஃபங்கஸ் பாருங்க, நம்ம ஊர்ல ரெண்டு மழை.