ஒரு டன்னுக்கு 125 ரூபாய்: குடும்ப குரூப்பில் ஒரு ராத்திரி

மிடாலம் மாமா: வாற கிராம சபையில வைக்கதுக்கு மணல் சுரங்கத் தீர்மானம் எழுதிருக்கேன். எல்லாரும் ஒருக்கா வாசிச்சிட்டு தப்பு இருந்தா சொல்லுங்க.

மிடாலம் மாமா: "கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை இக்கிராம சபை எதிர்க்கிறது. மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு மக்களின் அனுமதி இல்லாமல் மணல் எடுக்கக் கூடாது. மணல் எடுத்தால் புற்றுநோய் பெருகும். எங்கள் வளம் எங்களுக்கே."

வக்கீல் சித்தப்பா: மச்சான், நாலு வரி, நாலு ஓட்டை.

மிடாலம் மாமா: நீரு சொல்லாம விடமாட்டீருன்னு தெரியும். சொல்லும்.

வக்கீல் சித்தப்பா: மொதல்ல ரெண்டாவது வரி. ஏழுதேசமும் கொல்லங்கோடும் வருவாய் கிராமங்க. ஆனா ரெண்டும் இப்ப கொல்லங்கோடு நகராட்சிக்குள்ள, 2021ல இருந்து. நகராட்சியில கிராம சபை கிடையாது. அங்க நகர்மன்றம் தீர்மானம் போடணும், இல்லன்னா 2022 நவம்பர் 1ல தொடங்குன பகுதி சபையில வைக்கணும். குத்தகை வரைபடத்துல இருக்கது வருவாய் கிராமப் பேரு. அதப் பாத்துட்டு பஞ்சாயத்துன்னு நினைச்சு எழுதுனா, "உங்க எல்லைக்குள்ள இல்ல"ன்னு ஒரே வரியில தள்ளிருவாவ. உங்க பஞ்சாயத்துக்குள்ள வாற சர்வே நம்பர மட்டும் எழுதும்.

கருங்கல் அக்கா: ஒரே பேப்பர எல்லா ஊர்லயும் ஜெராக்ஸ் போட்டு கையெழுத்து வாங்குறதும் இதே தப்புதான்.

மஸ்கட் தம்பி: சித்தப்பா, ஒடிசாவுல நியாம்கிரியில 12 கிராம சபைதான பாக்சைட் சுரங்கத்த நிறுத்துச்சு? அதக் காட்டலாம்லா?

வக்கீல் சித்தப்பா: காட்டலாம், ஆனா அது இங்க ஓடாது. 2013 ஏப்ரல் 18 தீர்ப்பு வன உரிமைச் சட்டத்துக்க மேல நின்னது. அது அரசியல் சாசனத்துல பழங்குடிப் பகுதிகளுக்குன்னு உள்ள அஞ்சாவது அட்டவணைப் பகுதியும் கூட. தமிழ்நாட்டுல அஞ்சாவது அட்டவணைப் பகுதியே கிடையாது. நம்ம தீர்மானம் ஒரு பதிவு, தடையுத்தரவு இல்ல. அந்தப் பதிவு நாளைக்கு பசுமைத் தீர்ப்பாயத்துல சாட்சியா நிக்கணும். அதுக்காகத்தான் ஓட்டை இல்லாம எழுதச் சொல்லுதேன்.

குளச்சல் அத்தை: பொதுமக்கள் கருத்துக் கேட்பு வைக்கப்போறாவன்னு 2024ல ஒரே சத்தமா கிடந்ததே, அது என்னாச்சு?

வக்கீல் சித்தப்பா: அக்டோபர் 1ன்னு தேதி போட்டாவ, எதிர்ப்பு வந்ததும் தள்ளி வச்சாவ. அதுக்குப் பொறவு 2025 செப்டம்பர் 8ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டுட்டு. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்குற சுரங்கத்துக்கு கருத்துக் கேட்பே வேண்டாம், எவ்வளவு சின்ன குத்தகைன்னாலும் டெல்லியிலயே பரிசீலிப்பாவ. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில "தேச பாதுகாப்பு, கேந்திர முக்கியத்துவம்"னு ஒரு விலக்கு உண்டு, அதத்தான் புடிச்சிருக்காவ. முதலமைச்சர் அத வாபஸ் வாங்கச் சொல்லி பிரதமருக்கு கடிதம் எழுதினாரு.

மஸ்கட் தம்பி: இத வாசிக்கும்போது எனக்கு பாகிஸ்தானுக்க பலுசிஸ்தான் மாகாணம் ஞாபகம்தான் வருது. மஸ்கட்ல பலூச்சிக்காரங்க நிறைய உண்டு. குவாதர் துறைமுகம் 1958 வரைக்கும் ஓமனுக்க கையிலதான் இருந்துச்சு, பாகிஸ்தான் காசு குடுத்து வாங்குச்சு. அங்கயும் "எங்கள் வளம் எங்களுக்கே"தான் கோஷம். மாமாவுக்க கடைசி வரி அப்படியே இருக்கு.

கருங்கல் அக்கா: கோஷத்த விடு, கணக்க எடு. பலுசிஸ்தான்ல சுயிங்கற இடத்துல 1952ல எரிவாயு கண்டுபிடிச்சாவ. 50களுக்க நடுவுல கராச்சிக்கு குழாய் போயாச்சு. குவெட்டா அதே மாகாணத்துக்க தலைநகரம், அங்க கேஸ் வந்தது 1980கள்ல. இத எல்லாரும் சொல்லுவாவ. சொல்லாத விஷயம் ஒண்ணு உண்டு. ராயல்டி, அதாவது கனிமம் எடுக்கதுக்கு அரசுக்குக் கட்டுற பணம், எல்லா மாகாணத்துக்கும் கிணத்து வாய் விலையில 12.5%தான். ஆனா சுயிக்க கிணத்து விலைய பழைய செலவுக் கணக்குல கட்டி வச்சாவ. சிந்து, பஞ்சாப்ல பின்னால வந்த கிணறுகளுக்கு அதவிட கூட விலை. சதவீதம் ஒண்ணு, அடிவிலை வேற. அங்கதான் பணம் போச்சு.

குளச்சல் அத்தை: படியில அரிசி அளக்கும்போது படிக்க அடியில பள்ளம் இருந்தா எப்படி, அதுபோல.

மணவை அண்ணன்: அத்தை சொன்னது இங்கயும் அப்படியே பொருந்தும். 2014 ராயல்டி அட்டவணையப் பாருங்க. நம்ம மணல்ல கிடக்க இல்மனைட், ரூட்டைல், சிர்கான் மூணு கனிமத்துக்கும் விக்கிற விலையில 2%. தோரியம் உள்ள மோனசைட்டுக்கு மட்டும் டன்னுக்கு 125 ரூபாய், அவ்வளவுதான்.

மிடாலம் மாமா: 125 ஆயிரமா?

மணவை அண்ணன்: வெறும் 125 மாமா. ஒரு டன் மோனசைட்ல 550 கிலோவுக்கு மேல அரிய மண் ஆக்சைடு இருக்கும், 80ல இருந்து 100 கிலோ வரைக்கும் தோரியம் ஆக்சைடு. காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் அந்த 550க்குள்ளதான் கிடக்கு.

கருங்கல் அக்கா: அப்ப அந்த மதிப்பெல்லாம் எங்க ஏறுது?

மணவை அண்ணன்: நம்ம ஊர்ல நடக்கது பிரிக்கிற வேலை மட்டுந்தான். மணல தண்ணியோட சுருள் தொட்டியில விடுவாவ. குவார்ட்ஸ் அடர்த்தி 2.65, இல்மனைட் 4.7, மோனசைட் 5. கனமானது உள்பக்கம் ஒதுங்கும். பொறவு காய வச்சு, இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல ஏத்துன உருளையில போடுவாவ. மின்சாரம் கடத்துற இல்மனைட்டும் ரூட்டைலும் தெறிச்சு விழும். கடத்தாத சிர்கான், மோனசைட், கார்னட், சிலிமனைட் எல்லாம் உருளையில ஒட்டிக்கிட்டே போவும், தூரிகை வச்சு தட்டி எடுக்கணும். அதுக்குப் பொறவு காந்தம். இல்மனைட்ட நல்லா இழுக்கும், மோனசைட்ட லேசா இழுக்கும், சிர்கான இழுக்கவே செய்யாது.

மணவை அண்ணன்: பிரிச்ச மோனசைட் ஒடிசா சத்ரபூருக்குப் போவுது. அங்க உடைச்சு, அரிய மண் குளோரைடாக்கி கேரளாவுல அலுவாவுக்கு அனுப்புவாவ. சுத்தம் பண்ணுறது அங்க. சுயி வாயு கராச்சிக்குப் போனதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல.

கருங்கல் அக்கா: சரிதான், ஆனா ஒண்ணு. இது மத்திய அரசு கம்பெனி, அணுசக்தித் துறைக்க கீழ. பலுசிஸ்தான்ல பட்டாளம் நிக்குது, ஆளக் காணாமப் போவுது. அதயும் இதயும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது.

மஸ்கட் தம்பி: வைக்கல அக்கா. அந்தப் பக்கம் ஆயுதம் எடுத்தவங்களும் 2024 ஆகஸ்ட்ல முசாகேல்ல பஸ்ஸ மறிச்சு, அடையாள அட்டை பாத்து பஞ்சாப் தொழிலாளிங்களக் கொன்னாங்க. 23 பேரு. எந்த வளத்துக்கு அது நியாயம்?

குளச்சல் அத்தை: 🙏

வக்கீல் சித்தப்பா: பங்கு விஷயத்துல அங்க ஒரு நல்ல பாடம் உண்டு. ரெக்கோ டிக் செம்பு-தங்கச் சுரங்கம். 1993 ஒப்பந்தத்துல கம்பெனிக்கு 75, மாகாணத்துக்கு 25. 2011ல மாகாண அரசு குத்தகை குடுக்க மறுத்துச்சு, 2013ல அவங்க உச்ச நீதிமன்றம் ஒப்பந்தமே செல்லாதுன்னுட்டு. கம்பெனி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய் 2019ல சுமார் 600 கோடி டாலர் நஷ்டஈடுன்னு தீர்ப்பு வாங்குச்சு. அந்தக் கடன் பயத்துல 2022ல புது ஒப்பந்தம்: பாரிக் கம்பெனிக்கு 50, மத்திய அரசு கம்பெனிங்களுக்கு 25, பலுசிஸ்தான் 25. இந்தக் கடைசி 25ல 10 முதல் போடாத பங்கு, 15க்கு மத்திய அரசு முதல் போடுது.

மிடாலம் மாமா: பங்கு 25, பழையபடியேதான? பின்ன என்ன பாடம்?

வக்கீல் சித்தப்பா: பழைய 25க்கு மாகாணமும் முதல் போடணும், புதுசுக்கு வேண்டாம். ஆனாலும் பங்குன்னா லாபம் வந்த பொறவுதான் கை நனையும். முதல்ல கடன், வட்டி, எந்திரம். ராயல்டி அப்படி இல்ல, சரக்கு போற அன்னைக்கே விழும். அதனால "பங்கு குடு"ன்னு எழுதாதீரும். ராயல்டிக்க அடிவிலைய மாத்தச் சொல்லும்.

கருங்கல் அக்கா: பாகிஸ்தான் 2010ல 18வது திருத்தம் போட்டு எண்ணெய், எரிவாயுவ மாகாணமும் மத்தியும் சரிபாதின்னு ஆக்கிட்டு. அதுக்கு முந்தின வருஷம் நிதிப் பங்கீட்டுல ஆள் எண்ணிக்கை 82% மட்டும்னு வச்சு, வறுமைக்கு 10.3, ஆள் நெருக்கம் குறைஞ்சதுக்கு 2.7 குடுத்தாவ. பலுசிஸ்தானுக்கு 9.09% வந்துச்சு. நாட்டுக்க நிலத்துல 44%, ஆளு 6% மாதிரி. ஆனா அணுக் கனிமம் அங்கயும் மத்திய பட்டியல்தான். இங்க அரசியல் சாசன ஏழாவது அட்டவணையில மத்திய பட்டியல்ல 6வது இனம். அதுல ரெண்டு நாடும் ஒண்ணு!

குளச்சல் அத்தை: இந்தக் கனிமத்த வச்சு தனி நாடு கேட்ட கதையும் இங்கதான் இருக்கு. 1947 ஜூன்ல திவான் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் சுதந்திர நாடுன்னு அறிவிச்சாரு. மோனசைட்டக் காட்டி இங்கிலாந்துகூட பேரம் நடந்ததும் அந்த வருஷந்தான். அப்ப திருவனந்தபுரத்துக்கு நாம ஓரம். 1956 நவம்பர் 1ல இருந்து சென்னைக்கு ஓரம்.

மிடாலம் மாமா: அத தீர்மானத்துல போடலாமா?

வக்கீல் சித்தப்பா: வேண்டாம். மேடையில பேசும்.

மஸ்கட் தம்பி: சித்தப்பா, மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு எவ்வளவு வரும்?

வக்கீல் சித்தப்பா: 2015 ஜனவரி 12க்கு முந்தின குத்தகைன்னா ராயல்டியில 30%, பிந்தினதுன்னா 10%. கிள்ளியூர் புதுசு, அப்ப 10. கணக்குக்கு இல்மனைட் டன் 10,000 ரூபாய்க்கு விக்குதுன்னு வைங்க. ராயல்டி 200, அறக்கட்டளைக்கு 20. மோனசைட்டுக்கு 12 ரூபாய் 50 காசு. இந்த அறக்கட்டளைப் பணத்துல 70% குடிதண்ணி, சுகாதாரம், கல்வி மாதிரி முன்னுரிமை வேலைக்குத்தான் செலவழிக்கணும். சுரங்கத்துல இருந்து 15 கிலோமீட்டர் வரை நேரடியா பாதிச்ச பகுதி.

குளச்சல் அத்தை: 12 ரூபாய் 50 காசா? நல்ல ஒரு சாயா கிடைக்காதே.

வக்கீல் சித்தப்பா: 2024 ஜூலை 25ல உச்ச நீதிமன்றத்துல ஒம்பது நீதிபதி அமர்வு ராயல்டிங்கது ஒரு வரி இல்லன்னு சொல்லிட்டு. மாநிலம் தனியா வரி போடலாம். தமிழ்நாடும் கனிம நிலவரிச் சட்டம் போட்டாச்சு, 2025 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. ஆனா அது மாநிலக் கஜானாவுக்கு. மாவட்டத்துல தங்கணும்னா தனியா கேக்கணும்.

மிடாலம் மாமா: சரி, புற்றுநோய் வரி?

மணவை அண்ணன்: அத எடுத்திருங்க மாமா. கேரளா கருநாகப்பள்ளியில இதே மாதிரி மணல் உள்ள இடத்துல பெரிய ஆய்வு நடந்து, 2009ல வந்த முடிவுல இயற்கைக் கதிர்வீச்சால புற்றுநோய் கூடுனதாக் காணல. அந்த வரி இருந்தா, கம்பெனி நிபுணர் அத ஒண்ண மட்டும் உடைச்சிட்டு மீதி எல்லாத்தையும் பொய்யாக்கிருவாரு. அதுக்குப் பதிலா ரெண்டு கேள்வி எழுதுங்க.

மணவை அண்ணன்: ஒண்ணு தண்ணி. மணல்ல உப்பு ஒட்டியிருந்தா உருளையில ஓடாது. உப்பும் ஈரமும் எல்லாத் துகளையும் மின்சாரம் கடத்த வச்சிரும், சிர்கானும் இல்மனைட்டோட போய் விழுந்திரும். அதனால நல்ல தண்ணியில கழுவணும். தினம் எத்தன லிட்டர், எந்தக் கிணறு, எந்தக் கால்வாய்? இதக் கேளுங்க.

மணவை அண்ணன்: ரெண்டு, குழி நிரப்புறது. எடையில 20% கனிமம் எடுத்துட்டு மீதிய திருப்பிக் கொட்டுனா, கன அளவுல 13% பக்கம் குறையும். கனிமம் கனமானது, அதனால 20 இல்ல. 6 மீட்டர் தோண்டுன இடத்துல முக்கால் மீட்டர் தாழும். கடற்கரை மேடு முக்கால் மீட்டர் தாழ்ந்தா ஆடி மாசத்துக் கடலு எங்க வரும்னு மிடாலத்துக்காரங்களுக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டாம். அந்தப் பள்ளத்த எந்த மண்ண வச்சு நிரப்புவாவ?

மிடாலம் மாமா: இது நல்லாருக்கு. இதுதான் வேணும்.

வக்கீல் சித்தப்பா: இன்னும் வேலை உண்டு. பஞ்சாயத்துப் பதவிக்காலம் 2025 ஜனவரியில முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போச்சு. கூட்டம் முடியும் முன்ன தீர்மானம் பதிவேட்டுல ஏறி நம்பர் விழணும். "பொறவு எழுதிக்கிடுதேன்"னு சொன்னா விடாதீங்க, பக்கத்த போட்டோ எடுங்க. நகல் தரலன்னா 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு. சுற்றுச்சூழல் அனுமதி விவரம் போடுற மத்திய அரசு பரிவேஷ் இணையதளத்துல திட்டத்துக்க பேர வாரத்துல ஒரு நாளு யாராவது பாக்கணும். அனுமதி வந்தா பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 30 நாளு, தாமதத்துக்குக் காரணம் காட்டுனா இன்னும் 60. அதுக்கு மேல ஒரு நாளும் கிடையாது.

கருங்கல் அக்கா: பரிவேஷ நான் பாக்கேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை.

மிடாலம் மாமா: திருத்துனது: "இக்கிராம எல்லைக்குட்பட்ட, இணைப்பில் கண்ட சர்வே எண்களில் அணுக் கனிம மணல் எடுக்கும் குத்தகையை எதிர்க்கிறோம். கருத்துக் கேட்பு நடத்தாமல் எந்த அனுமதியும் வழங்கக் கூடாது. நன்னீர் எங்கிருந்து, நாளொன்றுக்கு எவ்வளவு. குழி நிரப்பக் கூடுதல் மண் எங்கிருந்து. இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். மோனசைட் ராயல்டியை டன்னுக்கு 125 ரூபாய் என்பதிலிருந்து, அதில் உள்ள ஆக்சைடுகளின் மதிப்பு அடிப்படைக்கு மாற்ற மாநில அரசு வலியுறுத்த வேண்டும்."

வக்கீல் சித்தப்பா: கடைசி வரிய தனித் தீர்மானமா போடும். ஒண்ணுல எதிர்ப்பு, அதுலயே ராயல்டி கேட்டா, காசு குடுத்தா சம்மதம்னு வாசிப்பாவ.

மிடாலம் மாமா: ரெண்டா பிரிச்சாச்சு. சர்வே நம்பர் லிஸ்ட் யாருக்க கையில இருக்கு?

மணவை அண்ணன்: பிடிஎஃப் அனுப்புதேன். 7வது பக்கத்துல இருந்து பாருங்க, மேல உள்ளது கொல்லங்கோடு.