மனோரஞ்சிதம் பூத்துருச்சு, ஆனா வாசனையே இல்ல, ஏன்?

கிணத்தடி: வணக்கம், எங்க வீடு கும்பகோணம் பக்கம். கொல்லையில கிணத்தடி ஓரமா ஒரு மனோரஞ்சிதம் வச்சிருக்கேன், நாலு வருஷம் முன்னாடி நர்சரில வாங்கினது, இந்த ஆனிலதான் மொதல் தடவையா பூத்திருக்கு. சின்ன வயசுல அம்மாச்சி ஒரே ஒரு பூவ பித்தளை சொம்புத் தண்ணில போட்டு வைப்பாங்க, கூடம் பூரா மணக்கும். அந்த ஆசைல ஓடிப்போய் ஒண்ணு பறிச்சு மோந்து பாத்தா வெறும் பச்சிலை வாசனைதான் வருது. வேற செடியக் குடுத்துட்டாங்களோ? கிளை முழுக்க கொக்கி கொக்கியா இருந்து புடவைல மாட்டுதுன்னு நெறைய வெட்டியும் விட்டுட்டேன். மாமியார் வேற பாம்பு வரும், எடுத்துருன்னு தினம் சொல்றாங்க.

செம்மண் தோட்டம்: அக்கா, பூவ பச்சையா இருக்கும்போதே பறிச்சிட்டீங்க, அதான் விஷயம். மனோரஞ்சிதம் விரியும்போது இலை கலர்லயே இருக்கும், வாசனையும் வராது. செடிலயே விட்டா சில நாள்ல வெளிறி மஞ்சளாகும், அப்பதான் பழுத்த வாழப்பழமும் பலாவும் சேந்தாப்ல ஒரு மணம் கெளம்பும். எந்தப் பழத்த நெனச்சு மோந்தாலும் அந்த வாசனை வரும்னு ஊர்ல சொல்றது இதத்தான். கண்ணால தேடாதீங்க, சாயங்காலம் செடி பக்கத்துல நின்னு மூக்கால தேடுங்க.

செடி சரியான செடிதான், அந்தக் கொக்கியே சாட்சி. தடிச்ச இதழ் மூணு மூணா ரெண்டு அடுக்கு இருக்கான்னு பாருங்க. இதோட அறிவியல் பேரு ஆர்டபாட்ரிஸ் ஹெக்ஸாபெடாலஸ், அதுல ஹெக்ஸாபெடாலஸ்னா 6 இதழ்னு அர்த்தம். இலாங் இலாங்னு ஒரு மரத்தையும் சிலர் மனோரஞ்சிதம்னு விக்கிறாங்க, அதுக்கும் 6 இதழ்தான், ஆனா ரிப்பன் மாதிரி நீளமா தொங்கும், கொக்கி இருக்காது. ஒரே ஒரு வேண்டுகோள், கொக்கிய வெட்டாதீங்க! அது பூவோட காம்பு, கொடி பிடிச்சு ஏறுறதும் அதுலதான், அத வெட்டினா பூவத்தான் வெட்டுறீங்க. நடந்து போற பக்கம் நீளுற கிளைய மட்டும் பூ ஓஞ்சதும் கவாத்து பண்ணுங்க, புதரா அழகா நிக்கும்.

மாடித்தோட்டம் மதுரை: பாம்பு பூ வாசனைக்கு வர்றதில்லைங்க. புதர் அடில சருகு சேந்து எலி, ஓணான் தங்குனா அதத் தேடி வரும். தரையிலேந்து ரெண்டடிக்கு கிளைய எடுத்துவிட்டு கீழ கூட்டி வைங்க, வெளிச்சம் பட்டா போதும். மாமியார்கிட்ட பொறுமையா சொல்லிப் பாருங்க, நம்ம தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி இது, இப்ப எத்தனை வீட்ல இருக்கு சொல்லுங்க? எனக்கு அத நெனச்சாலே வருத்தமா இருக்கும். இலைய புழு தின்னா மருந்தடிக்காதீங்க, பெரும்பாலும் கறுப்புல பச்சைப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சியோட புழுவா இருக்கும், சீத்தா, நெட்டிலிங்கத்துலயும் அதுதான் முட்டையிடும், மூணும் ஒரே குடும்பம்.

கிணத்தடி: ரொம்ப நன்றிங்க, கொக்கி விஷயம் தெரியாம போச்சே. இன்னொரு செடி வேணும்னா விதை போடலாமா?

செம்மண் தோட்டம்: காய் கொத்தா வரும், மஞ்சளா பழுத்ததும் விதை எடுக்கலாம், ஆனா முளைக்கவே ரொம்ப நாளாகும், பூக்க வருஷக்கணக்கா காத்திருக்கணும். பதியன் போடுங்க. மழை ஆரம்பிச்சதும் பென்சில் தடிமன்ல ஒரு கிளைய வளைச்சு, கணுவுக்குக் கீழ ஒரு இஞ்சு பட்டைய சீவி மண்ணுல புதைச்சு மேல கல்ல வைங்க. மூணு மாசத்துக்குத் தொடாதீங்க, இழுத்து இழுத்துப் பாத்தா வந்த வேரும் அறுந்துரும். தண்ணி மட்டும் தேங்கக் கூடாது.

கிணத்தடி: நாலு நாள் கழிச்சு வர்றேன். நேத்து பொழுது சாயற நேரம் துணி எடுக்கப் போனப்ப அப்படியே நின்னுட்டேன், அதே வாசனை! இலைக்கு அடில ஒண்ணே ஒண்ணு மஞ்சளா தொங்கிட்டு இருந்துச்சு. மாமியார்தான் சொம்புல தண்ணி கொண்டாந்தாங்க. ஐப்பசில ரெண்டு பதியன் போடப் போறேன், ஒண்ணு தங்கச்சிக்கு.